சொட்டுவது ஓரிடம், ஒழுகுவது வேறிடம்

ராமநாதபுரம் பக்கம் இருந்துகொண்டு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கிறாயே, ரிப்பேர் என்றால் யாரிடம் போவாய் என்று கேட்காத நண்பர்கள் இல்லை. அம்பாசடர் தெரிந்தவரிடம் போவேன். அவ்வளவுதான் பதில்.

என்னிடம் இருப்பது 1957 எம்.ஜி.ஏ. இரண்டே பேர் உட்காரலாம். கண்ணாடி ஏற்றி இறக்கும் ஜன்னல் கிடையாது. கதவுக்கு வெளிப்பக்கம் கைப்பிடிகூடக் கிடையாது, உள்ளே கைவிட்டு ஒரு கயிற்றை இழுத்துத்தான் திறக்க வேண்டும். 1955 முதல் 1962 வரை இங்கிலாந்தில் அபிங்டன் என்ற ஊரில் இந்த வண்டியை ஒரு லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். பெரும்பகுதி அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. என்னுடையது கோயம்புத்தூரில் ஒரு வீட்டுக் கொட்டகையில் நெடுங்காலம் நின்றிருந்து, பிறகு லாரியில் ஏறி உச்சிப்புளிக்கு வந்தது.

இதன் இன்ஜின் 1489 சி.சி. பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) கம்பெனியின் பி சீரிஸ். அம்பாசடர் வைத்திருந்தவர்களுக்கு இந்த எண் கேட்டதுமே ஞாபகம் வரும். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை ஒட்டி உத்தர்பாராவில் செய்த நம் அம்பாசடரில் பல்லாண்டு ஓடியதும் இதே குடும்பத்து 1489 சி.சி. இன்ஜின்தான். எம்.ஜி.ஏ.வில் எஸ்.யூ. கார்புரேட்டர் இரண்டு இருக்கும், அம்பாசடரில் ஒன்று. இது 70 குதிரைத்திறனை ஒட்டித் தரும், அது 50-ஐ ஒட்டி. மற்றபடி பிளாக்கின் அமைப்பும், வால்வுகளை மூடும் மேல்மூடியான வால்வு டோர் உட்கார்ந்திருக்கும் விதமும், எண்ணெய் எங்கெங்கே கசியும் என்பதும் கிட்டத்தட்ட ஒன்றே. ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் ஒதுங்கிப்போகிற மெக்கானிக்குகளிடம் பேனட்டைத் திறந்து காட்டினால் முகம் மாறிவிடும். தெரிந்த இன்ஜின்.

எங்கள் மெக்கானிக் அண்ணன் மண்டபத்தில் படகு இன்ஜின் பட்டறை வைத்திருக்கிறார். இளவயதில் ராமநாதபுரம் டவுனில் டாக்சி அம்பாசடர்களோடுதான் அவர் காலம் கழிந்தது. 1988-இல் பாம்பனில் சாலைப் பாலம் திறந்த பிறகு ராமேஸ்வரத்துக்கு யாத்ரீகர்களை ஏற்றிக்கொண்டு போகும் டாக்சிகள் பெருகின. மதுரையிலிருந்து வரும் வண்டிகள் கொதித்தும் ஒழுகியும் வந்து நிற்பது அவர் இருந்த பட்டறையில்தான். அப்புறம் அம்பாசடர் குறைந்தது, அவர் விசைப்படகு டீசல்களுக்கு மாறிவிட்டார். ஆயில் ஒழுகலை அவர் சகிக்கமாட்டார். "கடலுக்குள்ள போயிட்டா பேக்கிங் வாங்கக் கடை கிடையாது தம்பி" என்பார். படகில் இன்ஜின் சொட்டினால் அந்த எண்ணெய் அடித்தட்டுத் தண்ணீரோடு கலந்து, இறைக்கும்போது கடலுக்கே போகும். அதைப் பார்த்துப் பார்த்து வெறுத்தவர் அவர்.

என் வண்டி சொட்டிய இடம், இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் பெல் ஹவுசிங்கின் அடிப்பகுதி. அங்கே ஒரு சிறு துளை இருக்கும், அதில் இரு காலாகப் பிரிந்த ஒரு சிறு கம்பி ஊசி, ஸ்பிளிட் பின், தொங்கும். அந்தப் பின் எதையும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. வண்டி ஓடும்போது ஆடி ஆடித் துளையை அடைபடாமல் வைத்திருப்பது மட்டும்தான் அதன் வேலை. உள்ளே எண்ணெய் சேர்ந்து கிளச் பிளேட்டை நனைத்துவிடக் கூடாது என்று, வெளியே வழிய விடுவதற்காக, கம்பெனிக்காரர்களே வைத்த வழி அது. கொஞ்சம் எண்ணெய் வரும் என்று தெரிந்தேதான் செய்திருக்கிறார்கள். ஆனால் என் வண்டியில் வந்தது கொஞ்சம் இல்லை. இரவு நிறுத்தினால் காலையில் சிமெண்ட் தரையில் கையகலக் கறை.

படம் அனுப்பிக் கேட்டவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள்: இன்ஜினின் பின்பக்கச் சீல் போய்விட்டது, இன்ஜினை இறக்கு. எம்.ஜி.ஏ.வில் அது சின்ன வேலை இல்லை. இன்ஜினையும் கியர்பாக்ஸையும் சேர்த்தே தூக்குவதுதான் வழக்கம். ரேடியேட்டர் கழற்ற வேண்டும், உள்ளே தரைப்பலகையையும் நடுவிலுள்ள மூடியையும் கழற்ற வேண்டும், செயின் பிளாக் போட்டுத் தூக்க வேண்டும்.

இதில் அவர்கள் சொன்ன அந்தச் சீல்தான் விசேஷம். இந்தக் காலத்து இன்ஜினில், பிஸ்டன்கள் சுழற்றும் முக்கிய அச்சான கிராங்க் ஷாஃப்டின் பின்முனையில் உதடு வைத்த ரப்பர் சீல் இறுகப் பிடித்துக்கொண்டிருக்கும். இந்த இன்ஜினில் அந்த இடத்தில் ரப்பரே இல்லை. ஷாஃப்டின் மேலேயே மரை மாதிரி சுழல் பள்ளம் வெட்டியிருப்பார்கள். சுற்றி இருக்கும் உலோகத்துக்கும் அதற்கும் நடுவே மயிரிழை இடைவெளி, ஒன்றோடொன்று உரசாது. ஷாஃப்ட் சுழலும்போது அந்தப் பள்ளம் எண்ணெயைத் திரும்ப உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும். தேய்வதற்கு எதுவும் இல்லை, ஆகவே மாற்றுவதற்கும் எதுவும் இல்லை. எனக்கு அந்த யோசனை மேல் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. அந்த ஷாஃப்ட் சுழலும் அறையான கிராங்க் கேஸுக்குள் காற்றழுத்தம் ஏறக் கூடாது. உள்ளிருந்து காற்று முட்டித் தள்ளினால், அந்தத் திறந்த இடைவெளி வழியாக எண்ணெயையும் இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். எத்தனை வேகமாகச் சுழன்றாலும் பள்ளத்தால் அதைத் தடுக்க முடியாது.

அண்ணன் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார். ஸ்பிளிட் பின்னை விரலால் தொட்டு மோந்தும் பார்த்தார். கியர் ஆயில் வாடை வேறு, இன்ஜின் ஆயில் வாடை வேறு. எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, "சொட்டுற எடத்த வச்சு முடிவு பண்ணாதீங்க. எண்ணெய் மேலருந்து கீழ வரும், வண்டி ஓடையில முன்னாலருந்து பின்னால போகும். இது எங்க பொறக்குதுன்னு மொதல்ல பாப்போம்" என்றார்.

பார்ப்பதற்கு முதல் வேலை கழுவுவது. பெயிண்ட் பிரஷ், மண்ணெண்ணெய், வேஸ்ட் துணி. அறுபது எழுபது வருஷத்துப் பிசுக்கு கறுப்புத் தோலாக உரிந்து வந்தது. கடைசியில் சோப்புத் தண்ணீர் விட்டு அலசி, கம்ப்ரசரில் காற்றடித்துக் காயவைத்தோம். அதற்குப் பின் அண்ணன் மடியிலிருந்து எடுத்தது ஒரு முகப்பவுடர் டப்பா. உள்ளங்கையில் கொட்டி, பிளாக்கின் இடதுபக்கம் முழுக்க ஊதினார். இன்ஜினுக்கடியில் எண்ணெய் தேங்கும் தொட்டியான சம்ப்பின் விளிம்பு, பெல் ஹவுசிங், ஸ்பிளிட் பின் எல்லாம் திருநீறு பூசியது போல வெள்ளையாகிவிட்டது. இன்ஜினை ஸ்டார்ட் செய்து சூடேற விட்டோம். டார்ச் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

முதலில் ஒன்றுமில்லை. சூடு ஏறி, எண்ணெய் இளகிய பிறகு, எக்ஸாஸ்ட் குழாய்க்குப் பின்னால் இருட்டில் ஒரு மூலையில் பவுடர் நிறம் மாறியது. வெள்ளை பழுப்பாகி, அந்தப் பழுப்பு நூல் இழை போலக் கீழே இறங்கியது. சம்ப்பின் விளிம்பைத் தொட்டதும் அங்கே தயங்கி, விளிம்போடு பின்னோக்கி நடந்து, பெல் ஹவுசிங்கின் வெளிப்பக்கத்தில் வளைந்து இறங்கி, கடைசியில் ஸ்பிளிட் பின்னின் நுனிக்கு வந்து துளியாக நின்றது. துளைக்கு உள்ளிருந்தும் கசிவு இருந்தது, ஆனால் சொற்பம். பெரும்பாலான எண்ணெய் வெளிப்பக்கமாகவே வந்து, இருப்பதிலேயே தாழ்ந்த இடம் என்பதால் அந்தப் பின்னைத் தேடிப் போய்ச் சேர்ந்திருக்கிறது. வெளியே இருந்து பார்ப்பவர் பின்பக்கச் சீல் என்றுதான் சொல்வார்.

அது பிறந்த இடம், பிளாக்கின் இடதுபுறம், வால்வுகளை இயக்கும் டாப்பெட்டுகள் இருக்கும் அறையை மூடும் இரண்டு டாப்பெட் கவர்களில் பின்னது. தகட்டில் அழுத்திச் செய்த கவர், தக்கை பேக்கிங், நடுவே ஒரே ஒரு போல்ட். மேலே கார்புரேட்டரும் எக்ஸாஸ்ட்டும் மூடிக்கொண்டிருப்பதால் கண்ணுக்கே தெரியாது.

கழற்றி பேக்கிங் மாற்றிவிடலாமா என்றேன். அண்ணன் அவசரப்படவில்லை. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே மேலே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, என் கையைப் பிடித்து அதன் மேல் வைத்தார். உள்ளங்கையில் 'புஸ் புஸ்' என்று காற்று முட்டியது. மூடியை எடுத்த மாத்திரத்தில் இன்ஜின் ஓட்டமே லேசாக மாறியதையும் கவனிக்கச் சொன்னார். பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கொஞ்சம் காற்று கீழே இறங்குவது எந்த இன்ஜினிலும் உண்டு. அது வெளியேற வழி இருக்க வேண்டும். இந்த இன்ஜினில் வழி இரண்டு. வால்வு டோரிலிருந்து ஏர் கிளீனருக்குப் போகும் ஹோஸ் ஒன்று. முன்பக்க டாப்பெட் கவரிலிருந்து வண்டிக்கு அடியில் இறங்கும் இரும்புக் குழாய் இன்னொன்று. ஓடும்போது அடியில் வீசும் காற்றே அந்தக் குழாயிலிருந்து புகையை உறிஞ்சிக்கொள்ளும்.

ஹோஸைக் கழற்றிப் பார்த்தோம். வெளியே நன்றாகத்தான் இருந்தது. உள்ளே ரப்பர் எண்ணெயில் ஊறிப் பருத்து, துவாரம் ஏறக்குறைய மூடிக்கொண்டிருந்தது. அடுத்து அந்த இரும்புக் குழாய். கழற்றி ஊதினால் காற்றே போகவில்லை. ஒரு கெட்டிக் கம்பியை விட்டுக் குத்தினார் அண்ணன். முதலில் மண் தூளாகக் கொட்டியது. பிறகு கட்டியாக உடைந்து விழுந்தது. வழவழப்பான உள்சுவரோடு, சின்னச் சின்ன அறைகளாகக் குளவி கட்டிய மண்கூடு. கோயம்புத்தூர்க் கொட்டகையில் வண்டி நின்ற வருஷங்களில், கீழே வாய் திறந்திருந்த குழாய் அதற்கு நல்ல வீடாக அமைந்திருக்கிறது. எண்ணெய் ஏறி அந்த மண் செங்கல் மாதிரி இறுகியிருந்தது. எத்தனை பேர் இந்த இன்ஜினில் கைவைத்திருப்பார்கள், பேக்கிங்கை மாற்றியிருப்பார்கள், போல்ட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கியிருப்பார்கள்! மூச்சு விட முடியாத இன்ஜின் பலவீனமான மூலை எதுவோ அதன் வழியாக எண்ணெயைத் துப்பிக்கொண்டே இருந்திருக்கிறது.

நான் இந்தக் கட்டுரை எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான். பழைய இன்ஜின் வைத்திருக்கும் யாராக இருந்தாலும், அது அம்பாசடரோ ஜீப்போ ஹெரால்டோ, ஒழுகினால் ஸ்பேனரை எடுப்பதற்கு முன் உள்காற்று வெளியேறும் ப்ரீத்தர் குழாயைக் கழற்றி ஒரு முறை ஊதிப் பாருங்கள். காசு செலவில்லாத வேலை. அடைப்பை எடுத்து, புது ஹோஸ் போட்டு, மறுபடி மூடியைத் திறந்து கையை வைத்தபோது வித்தியாசம் உடனே தெரிந்தது. முட்டல் முழுசாகப் போய்விடவில்லை, ரிங்குகள் பழையவை. ஆனால் முன்பிருந்த வேகம் இல்லை.

அதன் பிறகுதான் டாப்பெட் கவர். ஏர் கிளீனர், இரண்டு கார்புரேட்டர், வெப்பத்தகடு, எக்ஸாஸ்ட் எல்லாவற்றையும் கழற்றிய பிறகே பின் கவர் கைக்கு வந்தது. நேர்விளிம்பை வைத்துப் பார்த்தால் போல்ட் இருக்கும் நடுப்பகுதி உள்ளே குழிந்து, நான்கு மூலைகளும் வெளியே தூக்கிக்கொண்டிருந்தன. ஒழுகுகிறதென்று ஒவ்வொருவரும் இறுக்க இறுக்க நடுப்பகுதி குழியும், மூலை இன்னும் விலகும், இன்னும் ஒழுகும். சுற்றிலும் சிவப்பு சிலிக்கான் பேஸ்ட் வேறு அப்பியிருந்தது. உள்பக்கம் பிதுங்கிய சிலிக்கான் புழுப் புழுவாகத் தொங்கியது. அதில் ஒரு துண்டு அறுந்து சம்ப்பில் விழுந்து, ஆயில் பம்ப்பின் வலையில் போய் ஒட்டினால் பேரிங்குகளின் கதி என்ன? வெளியே சொட்டும் எண்ணெயைத் தடுக்கப் போய் உள்ளே போகிற எண்ணெயைத் தடுக்கிற வேலை அது. இந்தத் தக்கை பேக்கிங்குகளுக்குச் சிலிக்கான் தேவையே இல்லை என்பது என் உறுதியான கருத்து.

பட்டறையில் படகுப் பலகை வேலைக்கு வைத்திருந்த பூவரசங்கட்டையை அண்ணன் எடுத்தார். கவரைக் கவிழ்த்து வைத்து, சின்னச் சுத்தியலால் குழிவை உள்ளிருந்து தட்டிக்கொண்டே வந்தார். ஓங்கி அடிக்கவில்லை, மணிக்கட்டு மட்டும் ஆடியது. பிறகு விளிம்பைச் சுற்றி வந்தார். இரண்டு மூன்று தட்டுக்கு ஒருமுறை கண்ணாடித் துண்டின் மேல் வைத்துப் பார்ப்பார், எங்கே ஆடுகிறதோ அங்கே மறுபடி தட்டுவார். கண்ணாடியில் ஆடாமல் உட்காரும்வரை விடவில்லை.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்த தக்கை பேக்கிங் பையிலேயே காய்ந்து சுருங்கியிருந்தது, கவரின் அளவுக்கு எட்டவில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போட்டதும் பழைய அளவுக்கு வந்துவிட்டது. தூக்கிப் போட்டுவிடாதீர்கள், காய்ந்த தக்கைக்கு இது போதும். பேக்கிங்கின் ஒரு பக்கத்தை மட்டும் கவரோடு ஒட்டி, பிளாக்கில் உட்காரும் பக்கத்துக்கு லேசாகக் கிரீஸ் தடவினோம். நாளைக்குத் திறக்க வேண்டி வந்தால் கிழியாது. நடு போல்ட்டின் தலைக்கடியில் புது வாஷர் போடுவது முக்கியம். அந்த போல்ட்டே எண்ணெய் இருக்கும் அறைக்குள் போவதால் அதன் கழுத்து வழியாகவும் கசியும். கையால் முடுக்கி, பேக்கிங் மெல்ல அமுங்குவது தெரிந்ததும் ஸ்பேனரை எடுத்துவிட்டார் அண்ணன். எனக்குக் கை பரபரத்தது. "போதும், தக்கை அமுங்கினாப் போதும், நசுங்கக் கூடாது" என்றார்.

மற்றவை சீக்கிரம் முடிந்தன. வால்வு டோர் பேக்கிங் மாற்றினோம், அதற்கு அம்பாசடர் பேக்கிங்கே பொருந்தியது. ஆயில் ஃபில்ட்டர் டப்பாவின் பள்ளத்தில் ஒரு பழைய ரப்பர் வளையத்தின் மேல் இன்னொரு வளையம் இருந்தது, இரண்டையும் எடுத்துப் புதிதாக ஒன்று போட்டோம். சம்ப் போல்ட்டில் தாமிர வாஷர்.

சம்ப்பின் விஷயம் மட்டும் நம் கடற்கரைக்கே உரியது, ஆகவே கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்த வண்டியின் சம்ப் இரும்புத் தகடு. கச்சான் காற்று வீசும் மாதங்களில் தனுஷ்கோடிச் சாலையில் மணல் குறுக்கே ஓடும், காற்றிலேயே உப்பு இருக்கும். வண்டிக்கு அடியில் ஈரமும் உப்பும் சேர்ந்து, சம்ப்பின் விளிம்பில் போல்ட் தலைகளைச் சுற்றித் துரு ஏறுகிறது. துரு பருத்தால் பேக்கிங்கைத் தூக்கிவிடும், நாளாக ஆக ஊசித்துளையும் விழும். இதில் ஒரு விசித்திரம்: ஒழுகிக்கொண்டிருந்த வருஷங்களில் எண்ணெய்ப் பூச்சே அந்த விளிம்பைத் துருவிலிருந்து காப்பாற்றியிருக்கிறது. கழுவித் துடைத்த பிறகு அது வெறும் இரும்பு. துருவைச் சுரண்டி, ரெட் ஆக்சைடு அடித்து, மேலே கறுப்பு பெயிண்ட் இரண்டு கோட் கொடுத்தோம். தனுஷ்கோடி போய் வந்தால் அன்றைக்கே அடிப்பாகத்தில் நல்ல தண்ணீர் அடித்துக் கழுவிவிடுகிறேன். இங்கே பழைய வண்டி வைத்திருப்பவர்கள் எல்லோருமே செய்ய வேண்டியது இது.

ஓட்டிப் பார்க்கப் பாம்பன் பாலத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் மாவட்டம் தட்டைத் தரை. உச்சிப்புளியிலிருந்து மண்டபம்வரை ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை. நடுவில் உயர்ந்து வளையும் அந்தச் சாலைப் பாலம்தான் எங்களுக்கு மலை. ஏறும்போது வண்டியின் மூக்கு தூக்கும், சம்ப்பில் இருக்கும் எண்ணெய் பின்பக்கம் ஒதுங்கும், அந்தச் சுழல் பள்ளத்துக்கு அப்போதுதான் சோதனை. பேனட் மேல் வெயில் அடிக்க, இரண்டாவது கியரில் ஏறினேன். வலதுபுறம் பழைய ரயில் பாலமும், 2025-இல் திறந்த செங்குத்துத் தூக்குப் பாலமும். தனுஷ்கோடியைத் தாண்டி அரிச்சல்முனைவரை போய்த் திரும்பி, ஆயில் பிரஷர் முள்ளைப் பார்த்துக்கொண்டே பட்டறைக்கு வந்தேன். அண்ணன் ஏற்கெனவே அட்டையை விரித்து வைத்திருந்தார். பின் டாப்பெட் கவர் உலர்ந்திருந்தது, சம்ப் விளிம்பும் அப்படியே. ஸ்பிளிட் பின்னில் மட்டும் ஒரு துளி, அது உள்ளிருந்து வந்தது. இரவு முழுக்க நின்ற பிறகு அட்டையில் காசளவுக்குச் சில பொட்டுகள்.

அதையும் நிறுத்த வழி இருக்கிறது. இந்த இன்ஜின்களுக்கு ரப்பர் சீல் பொருத்தும் கிட் வெளிநாட்டில் விற்கிறார்கள். அதற்காக மட்டும் இன்ஜினை இறக்கச் சம்மதமில்லை எனக்கு. சுழல் பள்ளம் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது, இவ்வளவு கசிவை அதைச் செய்தவர்களே எதிர்பார்த்திருக்கிறார்கள். கெட்டி எண்ணெய் ஊற்றினால் நின்றுவிடும் என்று சிலர் சொன்னதையும் கேட்கவில்லை. இப்போது ஊற்றும் 20டபிள்யூ-50 எண்ணெயே இந்த இன்ஜினுக்கும் எங்கள் வெயிலுக்கும் சரியாக இருக்கிறது.

ஆனால் அந்தச் சில பொட்டுகளும் மண்ணுக்குப் போகக் கூடாது என்பதில் நான் கறாராக இருக்கிறேன். எங்கள் கடல் சாதாரணக் கடல் இல்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய பவளப்பாறைகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. கடல்பசு மேயும் புல்வெளி எங்கள் கரையோரத்தில் இருக்கிறது. மழை பெய்தால் ரோட்டோர எண்ணெய் எல்லாம் ஓடைவழி எங்கே போகிறது என்று இங்கே வாழ்பவனுக்குத் தெரியாதா? வீட்டில் வண்டிக்கடியில் தகரத் தட்டு இருக்கிறது. அரிச்சல்முனையில் நிறுத்த நேர்ந்தால் டிக்கியில் இருக்கும் அட்டையை எடுத்து அடியில் விரிக்கிறேன். பார்த்தவர்கள் விசாரிப்பார்கள், சொல்வேன்.

கிளச் கொஞ்சம் வழுக்க ஆரம்பித்திருக்கிறது. தை, மாசி வாக்கில் அதற்காக இன்ஜினை இறக்கத்தான் வேண்டும், அப்போது ரிங்கும் மாற்றுவோம். ரப்பர் சீல் கிட் போடலாமா என்று கேட்டதற்கு அண்ணன், இன்ஜினை இறக்கி, ஷாஃப்ட் அதன் இடத்தில் இருக்கும்போதே அந்த இடைவெளியை ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகடு விட்டுப் பார்க்காமல் பதில் சொல்ல முடியாது என்றுவிட்டார். அதுவரை ஞாயிறுதோறும் ஆயில் குச்சியைப் பார்த்து அளவைக் குறித்து வைக்கச் சொல்லியிருக்கிறார். குறித்து வருகிறேன்.